பதினோராம் நம்பர் இடது ஷூ

மே மாதம் பிறந்தும் ஈரி ஏரிக்காற்று
ஸ்வெட்டரைக் கழற்றவில்லை.
இன்று பவுலிங் கூடத்தில் லீக் இரவு.
ஷூ கவுண்டரில் நான்.
நாளைக் காலை எட்டு மணிக்கு
ஐந்நூற்றுச் சொச்சம் வருஷத்து ஐரோப்பா
மூன்றேகால் மணி நேரம்
என்னை நிற்கவைத்துக் கேள்வி கேட்கும்.

படிக்க நேரமில்லை, மாடங்கள் இருந்தன.
சைஸ் ஆறில் மறுமலர்ச்சியைச் செருகினேன்.
ஏழரையில் மதச் சீர்திருத்தம்.
ஒன்பதில் பிரெஞ்சுப் புரட்சி,
ஊரில் பாதிப் பேருக்கு அந்த சைஸ்தான்.
யாராவது ஷூ கேட்டால்
அட்டையை உருவி, வாய்க்குள் ஒருமுறை ஒப்பித்து,
கிருமிநாசினி ஒரு பீச்சு,
பிறகுதான் கொடுப்பேன்.
இப்படியே மதியத்திலிருந்து
புரட்சியை முப்பத்தொரு முறை நடத்தி முடித்தேன்.

பத்து நாற்பதுக்கு டெஸ்ஸா செய்தி அனுப்பினாள்:
ஹ்யூகெனாட்டுகள் ராஜா பக்கமா, எதிர்ப்பக்கமா?
எந்த வருஷம் என்பதைப் பொறுத்தது
என்று தட்டிக்கொண்டிருந்தபோது
கண் பார்க்காமல் கை எடுத்துக் கொடுத்தது
பதினொன்றை.

குழாய்ப் பணியாளர் சங்கத்தின் கடைசி ஆட்டக்காரர்
கோர்னியாக், முழுதாக மூன்று ஆட்டம்
முப்பதாண்டுப் போரை
இடது குதிகாலால் மிதித்தபடி ஆடினார்.
ஹெட்விக் தேவாலய அணியிடம்
நான்கே நான்கு பின்னில் தோற்றார்.

செருப்புக் கடி என்றுதான் முதலில் சொன்னார்.
கழற்றி உதறினால் என் கையெழுத்து.
சதி, என்றார்.
தேவாலய அணியில் ஒருவர் சிரித்தார். அது தப்பு.
சிற்றுண்டி ஜன்னல் வழியே
ஒரு தட்டு நாச்சோ பறந்தது.

ப்ராக் நகரத்தில் ஆட்களையே எறிந்தார்களாம்,
எருக்குவியலில் விழுந்து
உயிரோடு எழுந்து போனார்களாம்.
இங்கே சீஸ் மட்டும்.
விழுந்த இடம், என் பாடப் புத்தகம்,
பக்கம் நூற்றுப் பன்னிரண்டு.

உடனடிக் காரணம்: ஓர் அட்டை.
நெடுநாள் காரணம் கேட்டால்
இரண்டு வருஷத்துக்கு முந்தைய கோப்பை,
பஃபலோவிலிருந்து காசு கொடுத்துக் கூட்டிவந்ததாக
ஒரு பல் டாக்டரைப் பற்றிய பேச்சு,
யாரோ யாருடைய தங்கையையோ
கல்யாணத்துக்கு அழைக்காதது.
எல்லாரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.
சொல்பவர் யார், யாரிடம் சொல்கிறார்,
சொல்வதால் அவருக்கு என்ன லாபம்
என்று ஓரத்தில் குறிக்கப் பழக்கியிருக்கிறார்கள் வகுப்பில்.
பேனா கிடைக்கவில்லை.

முதலாளியம்மா வெர்லா
ஒன்றும் பேசாமல் மெயின் சுவிட்சை அணைத்தாள்.
இருட்டில் பின்கள்கூட நிமிர்ந்து நின்றன.
ஒன்று முதல் எட்டு லேன் உங்களுடையது.
ஒன்பதிலிருந்து பதினாறு அவர்களுடையது.
அவரவர் லேனில் அவரவர் சாமி.
அடுத்தவன் லேனை எவனும் எட்டிப் பார்க்கக் கூடாது.

இதைத்தானே, இதையேதான்
ஒரு வாரமாக நெட்டுருப் போடுகிறேன்,
லத்தீனில் வேறு,
மண்டையில் ஏறவே இல்லை.

இழப்பீடு ஐந்து டாலர்
என் சம்பளத்தில் பிடித்தம்.
நான் எந்தப் பக்கத்துப் படையும் இல்லை.

பூட்டுவதற்கு முன் அட்டையை எடுத்துப் பார்த்தேன்.
வியர்வையில் காரணங்கள் கரைந்துவிட்டன,
ஸ்வீடன் ஒரு நீலக் கறை,
உடன்படிக்கை இருந்த இடத்தில் ஒரு குதிகால்.
வருஷம் மட்டும் எங்கே போனது என்று தெரியும்:
கார் கதவைத் திறக்கக் காலைத் தூக்கியபோது
கோர்னியாக்கின் வெள்ளை சாக்ஸில்
தலைகீழாக, திருப்பிப்போட்ட எழுத்தில்,
ஆயிரத்து அறுநூற்று நாற்பத்தெட்டு.
கூப்பிட்டுச் சொல்லலாமா என்று வாய் வரை வந்தது.
இன்றைக்கு அவரிடம் இன்னொரு வார்த்தையா?

மணி பன்னிரண்டரை.
கோர்னியாக்கின் மனைவி துணி ஊறவைப்பவளா,
நேரே மெஷினில் போடுபவளா, தெரியாது.
நான் பக்கம் நூற்றுப் பன்னிரண்டிலிருந்து
காய்ந்த சீஸை நகத்தால் சுரண்டுகிறேன்.
அடியில் ஏதோ ஒரு சமாதானம்,
பாதி எழுத்து தெரிகிறது.